பிஎச்டிக்கு முன்னாடி கடற்கரை: மரியநாடும் முட்டமும்

சுற்றுச்சூழல் துறையில பேராசிரியர் ஆகணும்னா டிகிரி, பிஎச்டி, அப்புறம் இன்டர்வியூ. நமக்குத் தெரிஞ்ச வழி இதுதான். ஜான் குரியன் கடற்கரை வழியா வந்தவர். 1970-களில் திருவனந்தபுரம் பக்கம் மரியநாட்டுல, மீனவர் கூட்டுறவுச் சங்கத்தோட வேலை பார்த்தார். அதுக்கப்புறம்தான் திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தில் பேராசிரியர் பணி. நார்வே உதவியோட 1950-களில் கேரளத்தில் தொடங்கிய மீன்வளத் திட்டத்தை அவர் 1985-ல் அலசி எழுதினார். சிறு மீனவருக்காக வந்த திட்டம், கடைசியில இறால் ஏற்றுமதிக்கும் இழுவைப் படகுக்கும் வழிவிட்டது.

அப்போ மீனவருக்கு ஏத்த படகை யார் வடிவமைக்கிறது?

அதுக்கு நாம தெற்கே, முட்டத்துக்கு வரணும். கட்டுமரத்துக்கு வேண்டிய கனமில்லாத மரம் கிடைக்கிறதே கஷ்டமாயிடுச்சு. 1980-களில் முட்டம் படகுத் தளத்துல மரைன் பிளைவுட் பலகைகளைக் கம்பியால தைச்சு, இணைப்புகளை ரெசினால ஒட்டி வள்ளம் கட்டினாங்க. இந்த முயற்சியில இருந்த பியர் ஜிலே 1985-ல் எழுதின புத்தகத்தோட பேரு 'ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்'. ஷூமாக்கரோட 'ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல்' ஞாபகம் வருதா? சின்னது அழகுதான், ஆனா செஞ்சு காட்டுறது கஷ்டம்!

வள்ளம் பரவுச்சு. கூடவே அவுட்போர்டு மோட்டாரும் வந்தது. மரத்தேவை குறைஞ்ச இடத்துல மண்ணெண்ணெய்ச் செலவு ஏறி உட்கார்ந்தது.

சூழலுக்கேற்ற வடிவமைப்பைச் சொல்லித்தரப் போறவங்க கவனிக்க வேண்டிய இடம் இதுதான். படகு கடல்ல இறங்கின அன்னைக்கு வேலை முடியல. பத்து வருஷம் கழிச்சு அது எதைத் தின்னு ஓடுதுன்னும் பார்க்கணும்.