டேக்டவுன் ரிகர்வ் வில்: வேட்டைக்கு முதல் வில் வாங்கும்போது எத்தனை பவுண்டு சரி?

அமெரிக்காவில் செப்டம்பர், அக்டோபர் வந்தாலே வில் வேட்டை சீசன் களைகட்டத் தொடங்கிவிடும். பல மாநிலங்களில் துப்பாக்கி வேட்டைக்கு முன்பே வில்லுக்கு அனுமதி கிடைத்துவிடும். இந்த நேரத்தில் முதல் வில் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, "நல்ல பவர்ஃபுல்லா ஒண்ணு குடுங்க" என்பதுதான். பிரச்னை ஆரம்பிப்பதும் அங்கேதான்.

முதலில் இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு விஷயம். இங்கே 1972-ம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குத் தடை இருக்கிறது. வில்லாக இருந்தாலும் துப்பாக்கியாக இருந்தாலும் குற்றம் குற்றம்தான். இலக்குப் பலகையில் அம்பு விட்டுப் பழகலாம், அவ்வளவே. பிரிட்டனிலும் 1981-ம் ஆண்டு சட்டப்படி வன விலங்குகளை வில்லால் கொல்லக் கூடாது. எனவே இங்கே சொல்லப்படுவது அமெரிக்க நடைமுறை.

டேக்டவுன் ரிகர்வ் என்றால் என்ன?

முனைகள் வெளிப்புறமாக வளைந்திருக்கும் வில்தான் ரிகர்வ். அதை மூன்று துண்டாகக் கழற்ற முடிந்தால் டேக்டவுன். நடுவில் கையால் பிடிக்கும் பகுதி ரைசர். அதன் மேலும் கீழும் மாட்டும் இரண்டு தகடுகள் லிம்ப். நாணைக் கழற்றி, இரண்டு போல்ட்டைத் திருகி எடுத்தால் மொத்த வில்லும் ஒரு தோள்பைக்குள் அடங்கிவிடும்.

பயணத்துக்கு வசதி என்பதால்தான் பலரும் இதை வாங்குகிறார்கள். ஆனால் புதியவருக்கு உண்மையான லாபம் வேறு. ஒரே ரைசரை வைத்துக்கொண்டு லிம்பை மட்டும் மாற்றலாம். இன்று 30 பவுண்டு லிம்பில் பழகி, உடம்பு தயாரானதும் 45 பவுண்டு லிம்பை வாங்கி மாட்டிக்கொள்ளலாம். ஒற்றைத் துண்டு வில்லில் இந்த வசதி கிடையாது.

பவுண்டு கணக்கில் ஏமாறுவது எப்படி?

கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லோடு ஒப்பிடுவதுதான் இதற்குக் காரணம். நண்பர் 70 பவுண்டு காம்பவுண்ட் வைத்திருக்கிறார், நமக்கு 55 பவுண்டு ரிகர்வ் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். காம்பவுண்ட் வில்லை முழுசாக இழுத்ததும் கப்பி பெரும்பாலான சுமையை வாங்கிக்கொள்ளும். 80 சதவீதம் குறைக்கும் வில் என்றால், 70 பவுண்டில் கையில் நிற்பது 14 பவுண்டு மட்டுமே. ரிகர்வில் அந்தச் சலுகை இல்லை. இழுக்க இழுக்கச் சுமை ஏறும், முழுசாக இழுத்துக் குறிபார்க்கும் நேரத்தில்தான் மொத்த எடையும் மூன்று விரலில் தொங்கும்.

சுமை தாங்காதவர் என்ன செய்வார்? நாணை முகம் வரை கொண்டு வராமல் பாதியிலேயே விட்டுவிடுவார். அம்பு மானின் நெஞ்சில் படாமல் வயிற்றில் பாயும். அந்த மான் உடனே சாகாது, புதருக்குள் ஓடி மணிக்கணக்கில் துடிக்கும். சில சமயம் கிடைக்கவே கிடைக்காது. அளவுக்கு மீறிய வில் வாங்குவதில் தோள்பட்டை வலியை விட மோசமான விளைவு இதுதான்.

அதனால் ஆரோக்கியமான ஒருவர் 30 முதல் 35 பவுண்டு லிம்பில் பழக ஆரம்பிப்பது நல்லது. ஒல்லியான உடம்பு, பதின்வயது என்றால் 25 போதும். வெள்ளைவால் மானுக்கு 40 முதல் 45 பவுண்டு தாராளம். சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பென்சில்வேனியாவில் மானுக்குக் குறைந்தது 35 பவுண்டு வேண்டும். அலாஸ்காவில் மூஸ் போன்ற பெரிய விலங்குகளுக்கு 50 பவுண்டு. லைசென்ஸ் வாங்கும்போதே அந்த வருட விதிப் புத்தகத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. லிம்பில் எழுதியிருக்கும் எடை, நாணை 28 அங்குலம் இழுத்தால் வருவது. கை குட்டையாக இருந்து 26 அங்குலம்தான் இழுக்கிறார் என்றால், ஒவ்வொரு அங்குலத்துக்கும் இரண்டு, மூன்று பவுண்டு குறையும். 45 என்று எழுதிய வில் அவர் கையில் சுமார் 40 தான். உங்கள் இழுப்பு நீளம் தெரிய வேண்டுமா? இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, விரல் நுனிக்கு நுனி அளந்து 2.5-ஆல் வகுத்தால் தோராயமாக வந்துவிடும்.

அடுத்த லிம்புக்கு எப்போது மாறலாம்? வில்லை வானத்தைப் பார்த்துத் தூக்காமல், மானை நோக்கி நீட்டியபடியே இழுக்க முடிகிறதா என்று பாருங்கள். உட்கார்ந்தும், கனமான குளிர் ஜாக்கெட் போட்டுக்கொண்டும் அதைச் செய்ய வேண்டும். நவம்பர் குளிரில் மரத்தில் இரண்டு மணி நேரம் அசையாமல் இருந்த பிறகு, வீட்டு முற்றத்தில் இழுத்த அதே வில் கல்லாக மாறியிருக்கும்.

போல்ட் வகையா, ஐஎல்எஃப் வகையா?

போல்ட் திருகி மாட்டும் வகையில் பல வருடங்களாகப் பிரபலமானது கொரியாவின் சாமிக் சேஜ். நீளம் 62 அங்குலம், லிம்ப் 25 முதல் 60 பவுண்டு வரை ஐந்து ஐந்தாகக் கிடைக்கும். விலையும் கட்டுப்படியாகும். அதே வடிவத்தில் பல கம்பெனிகள் வில் செய்கின்றன. சந்தேகமாக இருந்தால் இந்த வகையே போதும்.

ஐஎல்எஃப் என்பது ஒரு பொதுவான பொருத்தும் முறை. ஒரு கம்பெனி ரைசரில் இன்னொரு கம்பெனி லிம்பை மாட்டலாம், போல்ட்டைத் திருகிச் சில பவுண்டு கூட்டிக் குறைக்கலாம். செலவு கூடுதல். இதில் கவனிக்க வேண்டியது, இந்த லிம்பில் எழுதியிருக்கும் எடை பொதுவாக 25 அங்குல ரைசருக்கானது. வேட்டைக்கு 17 அல்லது 19 அங்குல ரைசரில் மாட்டினால் சுமை சில பவுண்டு ஏறிவிடும்.

வில்லின் நீளத்தைப் பொறுத்தவரை 58 முதல் 62 அங்குலம் வரை காட்டுக்குத் தோதானது. உயரமானவர் குட்டை வில்லை இழுத்தால் நாண் கூர்கோணமாக மடங்கி விரலை நெரிக்கும். அவர் 62-க்கே போகலாம்.

வில்லோடு காசு தீர்ந்துவிடக் கூடாது

பட்ஜெட் முழுவதையும் வில்லிலேயே கொட்டிவிட்டு, கிடைத்த அம்பை வாங்குவது இன்னொரு வழக்கமான தப்பு. அம்பின் விறைப்பு வில்லின் எடைக்குப் பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் குறி தப்பிக்கொண்டே இருக்கும். எடைக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது: பவுண்டுக்கு 10 கிரெய்ன். 45 பவுண்டு வில்லுக்கு 450 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 29 கிராம். லேசான அம்பு வேகமாகப் போகும், ஆனால் வில் சத்தம் போடும், ஊடுருவலும் குறையும். முனைக்கு இரட்டை அலகு வைத்த, சவர பிளேடு போலக் கூர்மையானது நல்லது. அம்பு தோட்டா மாதிரி அதிர்ச்சியால் கொல்வதில்லை, வெட்டி ரத்தம் வெளியேறச் செய்துதான் கொல்லும்.

தூரமும் முக்கியம். 20 கெஜத்தில் நிற்கும் மானுக்கு, நொடிக்கு 180 அடி போகும் அம்பு சென்று சேர ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு ஆகும். நாணின் சத்தமோ அதற்கு வெகு முன்பே அதன் காதில் விழுந்துவிடும். மான் குனிந்தால் அம்பு மேலே போய்விடும். அதனால்தான் 15, 20 கெஜத்துக்குள் மட்டும் விடுங்கள் என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள்.

நாணேற்ற ஸ்ட்ரிங்கர் கயிறு ஒன்று கட்டாயம். காலுக்கு இடையில் வில்லை வளைத்து நாண் மாட்டினால் லிம்ப் முறுக்கிக்கொள்ளும், சறுக்கினால் கண்ணுக்கே ஆபத்து. அம்பு வைக்காமல் நாணை இழுத்து விடவே கூடாது.

பழைய வில் மலிவாகக் கிடைக்கிறதா? வாங்கும் முன் நாணேற்றிப் பாருங்கள். நாண் இரண்டு லிம்பின் நடுவிலும் நேராக ஓட வேண்டும். ஓரங்களில் விரலைத் தடவினால் பிளவு, அடுக்கு பிரிந்த இடம் தட்டுப்படும், அப்படி இருந்தால் வேண்டாம். ரொம்பப் பழைய வில் என்றால் டேக்ரான் நாண் மட்டும்தான் மாட்ட வேண்டும். நீளாத புது ரக நாண்கள் அதன் லிம்ப் முனையை உடைத்துவிடும்.