ஒரு மொழி, இரு வலயங்கள்: மட்டக்களப்பு வாவிக்கரையில் மனித உரிமைக் கலைத்திட்டமும் ஆசிரியர் பயிற்சியும்

மட்டக்களப்பு மாவட்டத்தில் தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் படிக்கும் வரலாற்றுப் புத்தகம் ஒன்றே. விஞ்ஞானம், குடியியற் கல்வி, தமிழ்மொழி என எல்லாமே கல்வி வெளியீட்டுத் திணைக்களம் அச்சிடும் அதே தமிழ்ப் பிரதிகள்தான். சமய பாடத்தில் மட்டும் ஒருவர் கையில் சைவநெறியோ கிறிஸ்தவமோ இருக்கும். மற்றவர் கையில் இஸ்லாம் இருக்கும். பாடசாலைப் பெயர்ப்பலகையோ வேறொரு பிரிவைச் சொல்கிறது. காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடிப் பக்கத்து முஸ்லிம் பாடசாலைகள் 'மட்/மம' என்ற முன்னெழுத்துகளோடு மட்டக்களப்பு மத்தி வலயத்தில் அடங்குகின்றன. இவ்வூர்கள் ஒன்றையொன்று தொட்டுக் கிடப்பவை அல்ல. இடையில் தமிழ் ஊர்கள் வருகின்றன. அவற்றின் பாடசாலைகள் வேறு வலயங்களுக்கு உரியவை. சேவைக்காலப் பயிற்சி பெரும்பாலும் வலயத்துக்குள்ளேயே ஒழுங்குசெய்யப்படுகிறது. ஆசிரிய ஆலோசகரும் தம் வலயத்துக்கே பொறுப்பு. ஆகவே ஆரையம்பதியில் 9ஆந் தர வரலாறு கற்பிப்பவரும் அடுத்த ஊரான காத்தான்குடியில் அதே பாடத்தைக் கற்பிப்பவரும் தொழில் நிமித்தம் ஒரு மேசையில் அமர வேண்டிய தேவையே எழுவதில்லை. மனித உரிமைக் கலைத்திட்டமும் பல்பண்பாட்டுக் கலைத்திட்டமும் இப்பிரதேசத்தில் வேர்கொள்ள வேண்டுமானால், இந்த இரு ஆசிரியரும் ஒன்றாக அமர்ந்து பாடத்தை ஆக்கப் பயிற்றப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். வேறோரிடத்தில் ஆக்கப்பட்ட பாடத்தை ஒப்புவிக்கக் கொடுக்கும் பயிற்சி, அதன் உள்ளடக்கம் எவ்வளவு சிறந்ததானாலும், இங்கே பலன் தராது.

கல்வி அமைச்சு 2008இல் சமூக ஒருமைப்பாட்டுக்கும் சமாதானத்துக்குமான கல்வி பற்றித் தேசியக் கொள்கையொன்றை வெளியிட்டது. ஆசிரியர் கல்வி, இரண்டாம் தேசிய மொழி, பாடசாலைகளுக்கிடையிலான உறவு ஆகியவற்றை ஒருங்கே நோக்கிய நல்ல ஆவணம் அது. ஆனால் அதன் அடியில் உள்ள சித்திரம், மொழியால் பிரிந்த இரு மக்களின் சித்திரம். 1956இன் மொழிச் சட்டத்தையும் அதன் பின்விளைவுகளையும் கொழும்பிலிருந்து நோக்குவோருக்கு அப்படித்தான் தெரியும். தமிழ்ப் பிள்ளை சிங்களமும் சிங்களப் பிள்ளை தமிழும் படித்தால் பாதிப் பிணி தீரும் என்ற எண்ணமும் அதிலிருந்தே பிறக்கிறது. வாவிக்கரையில் நிலைமை வேறு. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் தமிழர், கால் பங்கினர் முஸ்லிம்கள். இரு சாராருக்கும் வீட்டு மொழி தமிழ். 1985 ஏப்ரிலில் கிழக்கில் மூண்ட கலவரமும் 1990இன் படுகொலைகளும் மொழி புரியாமையால் நேர்ந்தவை அல்ல. இரண்டாம் மொழிப் பாடவேளையைக் கூட்டினால் இங்கே எந்த வேலியும் தாழாது. தேசியக் கொள்கை தொடாது விட்ட இந்த இடத்தை நிரப்பும் அறிவு இப்பிரதேச ஆசிரியரிடமே இருக்கிறது. அதைப் பாடமாக்கும் பயிற்சிதான் அவருக்குக் கிடைக்கவில்லை.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2011 டிசெம்பரில் ஏற்ற மனித உரிமைக் கல்வி, பயிற்சிப் பிரகடனம் மூன்று படிகளைச் சொல்கிறது: உரிமைகளைப் பற்றிக் கற்றல், உரிமைகளை மதிக்கும் முறையில் கற்றல், உரிமைகளை நிலைநாட்டும் ஆற்றலுக்காகக் கற்றல். நமது பயிற்சிப் பட்டறைகள் பெரும்பாலும் முதற்படியிலேயே நின்றுவிடுகின்றன. அரசியலமைப்பின் மூன்றாம் அத்தியாயம், 12ஆம் உறுப்புரையின் சமத்துவம், சிறுவர் உரிமைச் சமவாயத்தை 1991இல் இலங்கை ஏற்றமை ஆகியவை பவர்பொயின்ட் தாள்களாக ஓடும். மாலையில் சான்றிதழ் கிடைக்கும். 2007ஆம் ஆண்டுக் கலைத்திட்டச் சீர்திருத்தம் கொண்டுவந்த ஆசிரியர் வழிகாட்டிகளும், '5ஈ' முறையில் ஒவ்வொரு செயற்பாட்டையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, ஆசிரியரை நிறைவேற்றுபவராகவே கருதின. இங்கிலாந்தில் 1967 முதல் மனிதப்பண்பியற் பாடத்திட்டச் செயற்றிட்டத்தை நடத்திய லோரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் இதற்கு நேர்மாறாக வாதிட்டார். கலைத்திட்டம் என்பது வகுப்பறையில் சோதித்துப் பார்க்க வேண்டிய கருதுகோள், சோதிப்பவர் ஆசிரியர், ஆகவே அவரே ஆய்வாளர் என்பது அவர் நிலைப்பாடு. சர்ச்சைக்குரிய பொருளில் ஆசிரியர் தீர்ப்புச் சொல்லாமல் சான்றுகளை முன்வைத்து உரையாடலை நடத்த வேண்டும் என்றும் அவர் கோரினார். பிளவுண்ட சமூகத்தில் அந்த நடுநிலை சாத்தியமா என்பது தனிக் கேள்வி. ஆனால் சான்றைத் தேடித் தொகுக்கும் பொறுப்பு ஆசிரியருடையது என்ற பகுதி நமக்கு இன்றும் தேவை.

அத்தகைய சான்றுக்கு இங்கே பஞ்சமில்லை. சீதன வீட்டை எடுத்துக்கொள்வோம். வாவிக்கரையின் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடி முறையைப் பகிர்ந்துகொண்டவர்கள். கோயிலில் வண்ணக்கரும் பள்ளிவாசலில் மரைக்காயரும் குடிகளின் சார்பில் பொறுப்பேற்றனர். இரு சாராரிடமும் வீடு மகளுக்குப் போகிறது. மருமகன் மனைவி வீட்டுக்கு வருகிறார். அக்கரைப்பற்றில் நீண்டகாலம் கள ஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக நிறுவியிருக்கிறார். இந்தத் தாய்வழி உரிமையை வகுத்த முக்குவர் வழமைச் சட்டத்தைப் பிரிட்டோ என்பவர் தொகுத்து வெளியிட்டதும், அச்சட்டம் பொதுச் சட்டத்தால் வழக்கிழந்ததும் ஒரே ஆண்டில், 1876இல். 2004 டிசெம்பர் 26இன் கடற்கோளுக்குப் பின் கட்டப்பட்ட வீடுகளின் உரித்து, படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்ற கட்டம் இருந்ததால், பல இடங்களில் கணவன் பெயருக்குப் போயிற்று; தாய் தந்த மனையில் இருந்த பெண் அதை இழந்தாள். மட்டக்களப்பின் பெண்கள் அமைப்புகள் கூட்டுரிமை கேட்டுப் போராடியது இதனால்தான். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் பேர்மிட் காணிகளை ஆளும் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும் வாரிசுரிமையில் ஆண்பிள்ளைகளையே முன்னிறுத்தியது. அந்தப் பாகுபாட்டை நீக்கும் திருத்தம் 2022இல்தான் வந்தது. இவற்றை வைத்து ஆரையம்பதி ஆசிரியரும் காத்தான்குடி ஆசிரியரும் 10ஆந் தரக் குடியியலுக்கு ஓர் அலகு ஆக்கலாம். பிள்ளைகள் தம் வீட்டில் மூன்று தலைமுறைக்கு உறுதி யார் பெயரில் இருந்தது என்று கேட்டு எழுதுவார்கள். இரு வகுப்பின் அட்டவணைகளையும் அருகருகே வைத்தால் ஒற்றுமை தானே தெரியும். பிறகு 12ஆம் உறுப்புரையையும், இலங்கை 1981இல் ஏற்ற பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் சமவாயத்தையும் திறந்தால் அவை வெறும் வாசகங்களாக இரா. உரிமைக் கல்வியும் பல்பண்பாட்டுக் கல்வியும் இந்த அலகில் ஒரே பாடமாகிவிடுகின்றன.

குடி முறையைப் பழம்பெருமையாக்கும் ஆபத்து இதில் உண்டு என்பது நியாயமான ஆட்சேபம். குடிகளுக்குள் ஏற்றத்தாழ்வு இருந்தது; கோயில் திருவிழா உரிமை சாதிப் படிநிலையோடு பிணைந்திருந்தது; சீதனம் பெண்ணைப் பெற்றவர்களின் முதுகை ஒடித்ததும் உண்மை. ஆகவேதான் ஆசிரியர் சான்றுகளைத் தாமே கையாள வேண்டும் என்கிறேன். பண்டிகையும் பலகாரமும் காட்டி முடியும் பல்பண்பாட்டு விழாவில் இக்கேள்விகள் எழவே எழா. மேலும், தமிழர்–முஸ்லிம்கள் என்ற இருமைக்குள் அடங்காதோரும் இங்கே உண்டு. போர்த்துக்கேயக் கிரியோல் பேசி வந்த பறங்கியர், வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர் ஆகியோரின் பிள்ளைகளுக்குப் பாடநூலில் பெரும்பாலும் இடமில்லை. அவர்கள் வரலாற்றை உள்ளூர் ஆசிரியர் எழுதாவிட்டால் யார் எழுதுவார்?

1990ஐப் பேசினால் ஆறிய புண்ணைக் கிளறுவதாகும் என்பது அடுத்த ஆட்சேபம், எடை மிக்கது. அவ்வாண்டு ஓகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோரை விடுதலைப் புலிகள் சுட்டுக்கொன்றனர். அடுத்த வாரம் ஏறாவூர். செப்டெம்பர் 5 அன்று வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழரில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோரைப் படையினர் கொண்டுபோயினர், அவர்கள் திரும்பவில்லை. செப்டெம்பர் 9 அன்று சத்துருக்கொண்டான் படுகொலை. பாடசாலை பேசாததால் பிள்ளைகள் இவற்றை அறியாமல் இல்லை. காத்தான்குடிப் பிள்ளை பள்ளிவாசல் சுவரின் குண்டுத் துளைகளைப் பார்த்து வளர்கிறது. சத்துருக்கொண்டான் பிள்ளை நினைவுத்தூபியைப் பார்த்து வளர்கிறது. தன் ஊர் இறந்தோரைத் தெரியும், அடுத்த ஊர் இறந்தோரைத் தெரியாது என்ற நிலையைத்தான் மௌனம் பேணி வைத்திருக்கிறது. எனினும் ஆட்சேபத்தில் ஒரு பாதியை ஏற்கத்தான் வேண்டும். 1990இல் தொடங்கக் கூடாது. முதலில் வீடு, நீர், வயல், வாவிமீன்பிடி போன்ற பொருள்களில் ஆசிரியர்கள் கூடி ஆக்கிப் பழக வேண்டும். கடினமான பொருளுக்கு அவர்கள் வருவது, இரு ஊர்களின் பட்டியலையும் சேர்ந்து வாசிக்கும் துணிவு அவர்களுக்குள் வந்த பிறகே. அதற்கு ஓராண்டும் ஆகலாம், மூன்றாண்டும் ஆகலாம். கால அட்டவணை போட்டுக் கட்டாயப்படுத்த முடியாது.

வட அயர்லாந்தின் அனுபவம் இங்கே உதவும். பரஸ்பரப் புரிந்துணர்வுக்கான கல்வி அங்கே 1992 முதல் எல்லாப் பாடங்களிலும் ஊடுருவ வேண்டிய கட்டாயக் கருப்பொருளாயிற்று. ஆனால் கத்தோலிக்க, புரட்டஸ்தாந்துப் பாடசாலைகள் தனித்தனியாகவே இருந்தன. முரண்பாட்டைப் பேசப் பயிற்சி பெறாத ஆசிரியர்கள் பாதுகாப்பான தலைப்புகளுக்குள் ஒதுங்கினர். கூட்டுச் சுற்றுலாக்கள் நடந்தன. பின்னர் வளர்ந்து 2016இல் சட்டமான 'பகிர்ந்த கல்வி' வேறு வழியைத் தேர்ந்தது: பாடசாலைகள் தத்தம் அடையாளத்தோடு இருக்க, அயல் பாடசாலைகள் ஆசிரியரையும் வகுப்புகளையும் பகிர்ந்துகொள்கின்றன. நமக்கு இது ஏற்ற முன்மாதிரி. முஸ்லிம் பாடசாலை, இந்துப் பாடசாலை என்ற வகைகளை ஒழிக்கக் கேட்டால் இரு சமூகமும் எதிர்க்கும். அந்த எதிர்ப்பிலும் நியாயம் உண்டு, ஏனெனில் தனிப் பாடசாலை பலருக்குப் பாதுகாப்பாக இருந்திருக்கிறது. தாழங்குடா தேசிய கல்வியியற் கல்லூரியில் பயிலுநர் இரண்டாண்டு வதிவிடப் பயிற்சி முடித்து ஓராண்டு கட்டுறுப் பயிற்சிக்குச் செல்கிறார். அந்த ஆண்டின் ஒரு தவணையை மறு வலயப் பாடசாலையில் கழிக்கச் செய்தால் புதுக் கட்டடமும் தேவையில்லை, புதுப் பாடமும் தேவையில்லை.

ஆசிரியரின் பாதுகாப்புப் பற்றிய அச்சத்தை இலேசாக ஒதுக்க முடியாது. 2019 ஏப்ரில் 21 அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பின் சந்தேகம் எல்லா இடத்திலும் பரவியது. கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாஃப் ஜசீம், தமிழில் எழுதிய 'நவரசம்' கவிதைத் தொகுப்பின் பேரில் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானார். 2021 டிசெம்பரில் பிணை கிடைத்தது. வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டது 2023 டிசெம்பரில். வன்முறையைக் கண்டிக்கும் வரிகள்கூட ஓர் ஆசிரியரைச் சிறைக்கு அனுப்பக்கூடிய நாட்டில் தனி ஆசிரியரிடம் வீரத்தை எதிர்பார்ப்பது அநீதி. இரு வலயத்து ஆசிரியரும் கையொப்பமிட்டு, வலயப் பணிப்பாளர்கள் ஏற்று, மாகாணக் கல்வித் திணைக்களம் பதிவுசெய்த அலகோ ஒருவர் தலையில் விழாது. கூட்டாக ஆக்குதல் கற்பித்தல் முறையாக இருப்பதோடு, ஆசிரியருக்குக் காப்பாகவும் இருக்கிறது.

கலைத்திட்டம் தேசிய கல்வி நிறுவகத்தின் அதிகாரம்; உள்ளூர் ஆசிரியர் எப்படி ஆக்குவது என்று கேட்போர் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தை வாசிக்க வேண்டும். ஆரம்ப வகுப்புகளிலும் தெரிந்தெடுத்த இடைநிலைப் பாடங்களிலும் உள்ளூர் மாறுபாடுகளுக்கு நிறுவகத்தின் அங்கீகாரத்தைப் பெறுவதை அத்திருத்தம் மாகாணத்தின் பணிகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. சேவைக்காலப் பயிற்சியும் அப்படியே. கிழக்கு மாகாணம் 2007 முதல் தனித்து இயங்குகிறது. சாதாரண தரப் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்தவே நேரமில்லை என்பது உண்மைதான். ஆனால் பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்கு ஆசிரியர் எப்படியும் செயற்பாடு ஒன்றைத் தெரிவுசெய்யத்தான் போகிறார்; அது சீதன வீட்டு அட்டவணையாக இருந்தால் கூடுதல் பாடவேளை கேட்காது. பாடசாலை மட்ட ஆசிரியர் விருத்திக்கென நாட்களும் நிதியும் ஏற்கெனவே ஒதுக்கப்படுகின்றன. மட்டக்களப்பு வலயமும் மட்டக்களப்பு மத்தி வலயமும் குடியியல், வரலாறு ஆகிய இரு பாடங்களுக்கு மட்டுமாவது அந்த நாட்களை ஒரே சுற்றறிக்கையில் ஒரே மண்டபத்துக்கு அறிவித்தால் வேலை தொடங்கிவிடும். அந்தச் சுற்றறிக்கைக்குத் தேவை இரண்டு வலயப் பணிப்பாளர்களின் கையொப்பம்.