மன்னார்க் கிணறுகளுக்கு வந்த புதிய நுளம்பு

நுளம்பு என்றால் இன்று எமக்கு டெங்குதான் நினைவுக்கு வருகிறது. மலேரியாவை மறந்துவிட்டோம். 2012 ஒக்டோபருக்குப் பின்னர் உள்ளூர்த் தொற்று இல்லாததால், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அதே ஆண்டு டிசெம்பரில், அதுவரை இந்நாட்டில் காணப்படாத அனோபிலிஸ் ஸ்டீபென்சி நுளம்பு மன்னார்த் தீவில் கண்டறியப்பட்டது.

இங்கு மலேரியாவைப் பரப்பி வந்தது அனோபிலிஸ் குலிசிபேசிஸ். ஆறு வற்றும்போது மணலில் தேங்கும் நீர்க்குழிகளே அதற்குப் பிடித்த இடம். ஆகவே மலேரியா பெரும்பாலும் கிராமத்து நோயாகவே இருந்தது. ஸ்டீபென்சியோ கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் பெருகும். இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது அதுதான். வளவுக்கொரு கிணறு வைத்திருக்கும் எங்களுக்கு இதைவிடப் பொருத்தமற்ற விருந்தாளி இல்லை.

ஆனால் ஸ்டீபென்சி எல்லாம் ஒன்றல்ல. அதற்குள் மூன்று வடிவங்கள் உண்டு. இந்தியாவில் 'மைசோரென்சிஸ்' எனப்படும் கிராமத்து வடிவம் நோயைப் பெரிதாகப் பரப்புவதில்லை. 'டைப்' எனப்படும் நகர வடிவமே ஆபத்தானது. மன்னாருக்கு வந்தது எது? ஆய்வாளர்கள் பேசாலையில் குடம்பிகளைச் சேகரித்து, ஆய்வுகூடத்தில் நுளம்பாகும் வரை வளர்த்து, மூன்று மரபணுப் பகுதிகளை வாசித்தார்கள். அவை இந்திய, மத்திய கிழக்கு ஸ்டீபென்சிகளுடன் பொருந்தின. ஒரு மரபணுவில் மட்டும் ஓர் எழுத்து மாறியிருந்தது. நுளம்பின் நெஞ்சுப்பகுதியையும் அதிலுள்ள சுவாசத் துளையையும் அளந்து பார்த்தபோது நகர வடிவம் என்றே தெரிந்தது. எந்தப் படகில் வந்தது என்பதை மரபணு சொல்லாது; யாருடைய உறவு என்பதைச் சொல்லும். பின்னர் யாழ்ப்பாணத்திலும் அது காணப்பட்டது.

நுளம்பு என்றதும் "புகை அடிக்கச் சொல்லுங்கோ" என்று கேட்பது எங்கள் வழக்கம். புகை அந்த நேரத்தில் பறக்கும் நுளம்பைத்தான் கொல்லும், கிணற்றுக்குள் இருக்கும் குடம்பியை அல்ல. அதைவிடச் சிக்கல், ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிப்பது. ஆயிரம் நுளம்பில் பத்துக்கு மருந்தைத் தாங்கும் மரபணு இருந்தால், எஞ்சி முட்டையிடுவது அந்தப் பத்துத்தான். சில தலைமுறைகளில் ஊர் முழுக்க அவற்றின் பிள்ளைகள். நுளம்பின் தலைமுறை சில வாரங்களே. டீடீடீ வலுவிழந்ததால் 1977 இல் இலங்கை மலத்தியனுக்கு மாறியது இப்படித்தான்.

இன்றும் வெளிநாட்டிலிருந்து திரும்புவோர் சிலர் மலேரியாக் கிருமியுடன் வருகிறார்கள். பரப்பும் நுளம்பு வீட்டுக் கிணற்றிலேயே இருந்தால் மிச்சம் அதிகமில்லை. 1963 இல் நாடு முழுவதும் 17 நோயாளிகள்தான் இருந்தார்கள். கண்காணிப்புத் தளர்ந்தது, 1969 இல் அந்தக் கணக்கு ஐந்து இலட்சத்தைத் தாண்டியது.

பாவிக்காத கிணற்றை வலையால் மூடலாம். பாவிக்கும் கிணற்றில் குடம்பி தின்னும் கப்பி மீனை விடலாம். குளோரீன் போட்டால் மீன் செத்துவிடும், அதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். தொட்டியை வாரம் ஒருமுறை வற்றவைத்து உரஞ்சிக் கழுவினால், குடம்பி நுளம்பாவதற்கு நாள் போதாது. வெளிநாடு போய் வந்தவருக்குக் காய்ச்சல் என்றால், டெங்குப் பரிசோதனையோடு மலேரியாவுக்கும் இரத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.