நகரா விசையும் தமிழ்ப் புள்ளியும்

1886இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையாவின் முன் நின்ற சிக்கல் வெறும் பொறியியல் சிக்கல் அன்று. தமிழ் எழுத்துகள் 247. தட்டச்சுப் பொறியின் விசைகளோ ஐம்பதுக்கும் குறைவு. அவர் எழுத்தைக் குறைக்கவில்லை, உறுப்புகளாகப் பிரித்தார். காலும் கொம்பும் தனி விசைகளாயின. புள்ளிக்கு அமைந்தது நகரா விசை: அழுத்தினால் குறி பதியும், தாள் நகராது, அடுத்து அடிக்கும் எழுத்து அதன்கீழ் வந்து அமரும். ஜெர்மனியின் சைடல் அண்டு நவ்மான் நிறுவனம் வார்த்த ‘பிஜோ’ என்னும் கைப்பெட்டி அளவுப் பொறியிலும் இம்முறை இடம்பெற்றது.

இதற்குக் கொடுத்த விலை, எழுதும் வரிசை தலைகீழானது. கை எழுத்தை எழுதிப் புள்ளி வைக்கும். விரலோ புள்ளி வைத்து எழுத்தை அடிக்கும். கணினிக்கு இக்கட்டாயமே இல்லை. தில்லியில் மின்னணுவியல் துறை 1986இல் வகுத்த இன்ஸ்கிரிப்ட் மெய்க்குப் பின் புள்ளியை வைத்தது. ஆயினும் இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான அந்த அமைப்பில் தமிழுக்கு வேண்டாத இடங்களே மிகுதி. 1999இல் சென்னை மாநாட்டையொட்டி உருவான தமிழ்99, உயிரை இடக்கைக்கும் மெய்யை வலக்கைக்கும் பகிர்ந்தளித்தது. ககரத்தை இருமுறை அடித்தால் முதல் ககரத்தின்மேல் புள்ளி தானே விழும். ஆனால் தட்டச்சுப் பயிலகங்களில் தேர்ச்சி பெற்றோருக்காகப் பழைய விசை வரிசையையும் கணினி மென்பொருள்கள் சுமந்தே வருகின்றன.