போகாத கடிதங்கள்



சென்ற மாதம் ஞாயிறு நிகழ்ச்சி முடிந்து ஒலிவாங்கியை அணைத்துவிட்டு எழும்புகிற நேரம், டெக்சாஸ் ஹியூஸ்டனிலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில் வந்தார். "தம்பி, எனக்கு ஈமெயில் எல்லாம் வந்துகொண்டுதான் இருக்குது. நான் எழுதிறது மட்டும் போகுதில்லை. பெட்டிக்குள்ளேயே கிடக்குது. வாற வழியாலை போகேலாதோ?" என்று கேட்டார். கணக்குப் பார்க்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று சிரித்துத் தப்பியிருக்கலாம். ஆனால் இதே கேள்வியை 2004 மார்கழிக் கடைசியில் நானே கேட்டுத் தவித்திருக்கிறேன். ஆகவே இம்மாத உரையை அதற்கே ஒதுக்கினேன். அதன் எழுத்து வடிவம்தான் இது.

சுனாமி அடித்தது டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அக்கா குடும்பம் பருத்தித்துறையில், கடலுக்குக் கூப்பிடுதூரத்தில். தொலைபேசி எடுத்தால் இணைப்பே கிடைக்கவில்லை. திங்கள் இரவு இங்கே நியூ ஜேர்சியில் கணினியைத் திறந்தபோது மருமகனின் கடிதம் வந்து கிடந்தது. யாழ்ப்பாணப் பட்டணத்து இன்ரநெற் கடையொன்றிலிருந்து எழுதியிருந்தான். வீடு போய்விட்டது, அம்மா மந்திகை ஆஸ்பத்திரியில், உயிருக்குப் பயமில்லை, கையில் காசில்லை. அந்த இடத்திலேயே பதில் எழுதினேன்: எந்த வங்கி, எந்தக் கிளை, யார் பெயரில் போடுவது, உடனே எழுது. 'அனுப்பு' என்பதை அழுத்திவிட்டுப் படுக்கப் போனேன்.

செவ்வாய் பதில் இல்லை. புதனும் இல்லை. மற்றவர்களின் கடிதங்கள் மழைபோல வந்துகொண்டிருந்தபடியால் என் பக்கத்தில் கோளாறு இருக்கும் என்று யோசிக்கவே இல்லை. பொடியனுக்குப் பட்டணம் வர வசதிப்படவில்லையாக்கும் என்று இருந்துவிட்டேன். வியாழன் காலைதான் அவுட்பொக்ஸ் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன '1' கண்ணில் பட்டது. திங்கள் எழுதிய கடிதம் அங்கேயே இருந்தது!

வங்கி இணக்கக் கூற்று தயாரித்தவர்களுக்கு இது விளங்கும். காசேட்டில் காசோலை எழுதியாயிற்று, எங்கள் கணக்கில் காசு போய்விட்டது. வங்கிக்கோ அப்படி ஒரு காசோலை இருப்பதே தெரியாது. ஊரார் கணக்குகளில் அதைத் தேடிப் பிடிக்கிறவன் என் பெட்டியில் மூன்று நாளாகப் பார்க்கவில்லை.

பிறகென்ன, கடவுச்சொல்லை மூன்று தரம் மாற்றி அடித்தேன். வைரஸ் காவலனை நிறுத்திப் பார்த்தேன். மென்பொருளையே கழற்றி மறுபடி போட்டேன். மனைவி "கொம்பனிக்கு அடியுங்கோ" என்று சொன்னதைக் கடைசியாகத்தான் கேட்டேன். நெடுநேரம் பாட்டுக் கேட்டபின் ஓர் இளைஞர் வந்து பொறுமையாகச் சொன்னார்: "உங்கள் வீட்டு இணைப்பு எங்களுடையது, கடிதக் கணக்கு வேறு இடத்தில். நாங்கள் 25ஆம் இலக்க வாசலை மூடிவிட்டோம். 587 என்று மாற்றி, அனுப்பும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி அடையாளமிடுங்கள்." அரை நிமிட வேலை. கடிதம் போயிற்று.

அந்த 25 என்ன, 587 என்ன என்று நான் பிறகு தேடிப் படித்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

மின்னஞ்சலில் அனுப்புவதும் பெறுவதும் இரண்டு வேறு ஏற்பாடுகள். அனுப்பும் முறையை 1982 ஆகஸ்டில் ஆர்.எஃப்.சி 821 என்ற ஆவணமாக எழுதியவர் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜொன் போஸ்டல். எஸ்.எம்.டி.பி என்று பெயர். அதற்குரிய வாசல் 25. வழங்கியில் வந்து காத்திருக்கும் கடிதங்களை எடுத்து வருகிற பொப் என்ற முறை 1984இல் தனியாக வந்தது. அதன் மூன்றாம் பதிப்புக்கு வாசல் 110. ஹியூஸ்டன் அம்மாவின் கேள்விக்கு மறுமொழி இதுதான்: வருகிற வழி வேறு, போகிற வழி வேறு. ஒன்று திறந்திருக்க மற்றது அடைபடலாம்.

போஸ்டலின் முறையைப் படிக்கும்போது எனக்கு ஊர் ஞாபகம்தான் வந்தது. ஒரு கணினி மற்றதின் கதவைத் தட்டி 'ஹலோ' சொல்கிறது. யாரிடமிருந்து, யாருக்கு என்று சொல்கிறது. கடிதத்தைக் கொடுக்கிறது. கடவுச்சொல் கிடையாது; நீ யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் மட்டும் இருந்த வலையில் அது போதும். உங்கள் கடிதத்தைச் சம்பந்தமே இல்லாத ஒரு வழங்கியிடம் கொடுத்தாலும் வாங்கி உரிய இடத்துக்குச் சேர்த்துவிடும். பட்டணம் போகிறவரிடம் "இதையும் ஒருக்கால் குடுத்துவிடுங்கோ" என்பதுபோல. வளைகுடாப் பகுதி நேயர்களுக்கு ஒரு பெருமை: இந்த வேலையைச் செய்த சென்ட்மெயில் என்ற மென்பொருள் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஓல்மன் எழுதியது. 1983இல் பேர்க்லி யூனிக்ஸோடு வெளிவந்து உலகமெங்கும் பரவியது.

இந்த நம்பிக்கையில் முதல் ஓட்டை அதற்கு முன்னரே விழுந்துவிட்டது. 1978 மே 3ஆம் திகதி, டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் கரி தூர்க் என்ற விற்பனையாளர், ஆர்ப்பாநெட்டில் இருந்த ஏறக்குறைய 400 பேருக்குக் கணினி விளம்பரம் ஒன்றை அனுப்பினார். முகவரிகள் அதற்குரிய இடத்தில் கொள்ளாமல் மிச்சம் கடிதத்தின் உடலுக்குள் வழிந்துவிட்டன. ஆகவே முதல் குப்பைக் கடிதமே பலருக்குப் போய்ச் சேராத கடிதம்! அடுத்தது எங்களைப் போன்றவர்களைக் குறிவைத்தது. 1994 ஏப்ரலில் அரிசோனாவைச் சேர்ந்த கன்ரர், சீகல் என்ற வழக்கறிஞர் தம்பதி, கிறீன் கார்ட் குலுக்கலுக்கு விண்ணப்பித்துத் தருகிறோம் என்று ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட யூஸ்நெற் குழுக்களில் விளம்பரம் போட்டார்கள். விண்ணப்பிக்கத் தேவையானது ஒரு முத்திரையும் கடித உறையும்தான். அதற்குக் காசு வாங்குகிற ஆட்கள் எங்கள் சமூகத்திலும் அப்போது இருந்தார்கள், அது வேறு கதை.

பிறகு வெள்ளம். அடுத்தவரின் வழங்கி இலவசமாகச் சுமக்கும் என்றால் யார் விடுவார்கள்? 1997இல் கலிபோர்னியாவில் போல் விக்ஸியும் அவரோடு சேர்ந்தவர்களும் குப்பைக்கு இடம் கொடுக்கும் வழங்கிகளின் கறுப்புப் பட்டியலைத் தொடங்கினார்கள். 1998இல் வந்த சென்ட்மெயில் 8.9 பதிப்பு, அந்நியர் கடிதத்தைச் சுமக்க மாட்டேன் என்பதையே வழமையாக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் 587 பிறந்தது: வழங்கிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள 25, வீட்டிலிருந்து கடிதம் கொடுப்பவர்களுக்கு 587. அனுப்புபவர் கடவுச்சொல் சொல்லும் முறை 1999 மார்ச்சில் வந்தது. விதி வந்ததே தவிர, பழைய 25 வேலை செய்துகொண்டிருந்தபடியால் என்னைப் போன்றவர்கள் மாற்றவில்லை. 2003இல் சோபிக் போன்ற வைரஸ்கள் வீட்டுக் கணினிகளைப் பிடித்து, வீட்டுக்காரருக்குத் தெரியாமலே குப்பையை வெளியே தள்ளத் தொடங்கின. இணைப்புத் தருகிற நிறுவனங்கள் பல, வீடுகளிலிருந்து வெளியே போகும் 25ஐ ஒவ்வொன்றாக அடைத்தன. குப்பை அஞ்சலுக்கு எதிரான அமெரிக்கச் சட்டம் 2004 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. இரண்டு ஆண்டில் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும் என்று பில் கேட்ஸ் அதே மாதம் டாவோஸில் சொன்னார். அவருடைய கணிப்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, உங்கள் குப்பைப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

எங்கள் ஊரிலிருந்து ஒரு பக்கம். இலங்கையில் மின்னஞ்சல் 1990இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில், தொலைபேசி வழியாகத் தொடங்கியது. அதே 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கி, யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் தொலைபேசியும் அறுந்தன. நான் அப்போது வணிகமாணிப் படிப்பில் இருந்தேன். செஞ்சிலுவைச் சங்கம் கொண்டுபோகும் தாளில் 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதி மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் இதை வாசிப்பவர்களில் பலர் இருப்பீர்கள். 2002 போர்நிறுத்தத்துக்குப் பின் ஏ9 பாதை திறந்து இன்ரநெற் கடைகள் வந்தபோது, அந்தக் கடையிலிருந்து வருகிற நாலு வரி எவ்வளவு பெரிதென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அந்த நாலு வரியும் 'ammaa sugam' என்று ஆங்கில எழுத்தில்தானே வரும் என்பீர்கள். சரிதான். போஸ்டலின் முறை ஏழு பிட் எழுத்துகளை மட்டுமே கொண்டுபோக எழுதப்பட்டது, அதாவது ஆங்கிலத்துக்குப் போதுமான 128 இடம். டிஸ்கி போன்ற எழுத்துருக்களில் தமிழ் இருந்தது அதற்கு மேலே உள்ள 128இல். எட்டாவது பிட்டை வழியில் ஒரு வழங்கி வெட்டினால் அம்மா என்பது குறியும் கிறுக்கலுமாகப் போய்ச் சேரும். இதற்கு மருந்து கிடைத்தது எங்கள் நியூ ஜேர்சியிலேயே. மொறிஸ்ரவுனில் இருந்த பெல்கோர் ஆய்வகத்தின் நதானியல் போரென்ஸ்டைன், கலிபோர்னியாவின் நெட் ஃபிரீட் இருவரும் 1992இல் வெளியிட்ட மைம் முறைதான் படத்தையும் பாட்டையும் பிறமொழி எழுத்தையும் ஏழு பிட்டுக்குள் மடித்து அனுப்ப வழி செய்தது. அந்த மார்ச்சில் போரென்ஸ்டைன் இணைத்து அனுப்பியது, தாமும் பாடும் நால்வர் பாட்டுக் குழுவின் படம். 287ஆம் நெடுஞ்சாலையில் மொறிஸ்ரவுனைக் கடக்கும்போதெல்லாம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்வேன். அவர்கள் கேட்பதில்லை.

மருமகனுக்கு என் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. அதற்கு முன்னர் இரண்டு தரம் சைக்கிளில் பட்டணம் வந்து, கடைக்காரருக்குக் காசு கொடுத்துப் பெட்டியைத் திறந்து பார்த்து வெறுங்கையோடு திரும்பியிருக்கிறான். "மாமா, நீங்கள் பாக்கேல்லை எண்டு நினைச்சம்" என்று எழுதினான். காசு புதுவருடத்துக்குப் பிறகுதான் போய்ச் சேர்ந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து "தம்பி ஒரு சொல் எழுதேல்லை" என்று வந்தவர்களுக்கெல்லாம் சொன்ன அக்கா, 25ஆம் வாசல் கதையை இன்றுவரை முழுதாக நம்பவில்லை. நான் அச்சடித்து வைத்திருக்கும் கடிதத்தில் திங்கள் இரவு 10.42 என்று இருக்கிறது. காட்டினேன். "அது நீ எழுதின நேரம்" என்றா.

ஹியூஸ்டன் அம்மாவின் வருத்தமும் அதேதான், இருபது ஆண்டு கழித்து. மகன் வீட்டுக்கு மாறியிருக்கிறார். பழைய கணினி, பழைய மென்பொருள், புது இணைப்பு, உள்ளே இன்னும் 25. தொலைபேசியிலேயே 587க்கு மாற்றுவித்து, கடவுச்சொல் கட்டத்துக்கும் அடையாளமிடுவித்தேன். உடனே கடிதம் போய்விட்டது. போகவில்லையென்று ஒவ்வொரு நாளும் புதிதாக எழுதிப் பார்த்தவையும் சேர்ந்து போயின. அன்றிரவு கலிபோர்னியாவிலிருக்கும் மகளுக்கு ஒரே பிறந்தநாள் வாழ்த்து பதினொரு தரம் கிடைத்ததாம்.