கணுக்கால் கீழ் மூட்டு

கணுக்கால் கீழ் மூட்டு என்பது டாலஸ் எலும்பும் அதற்கு அடியிலுள்ள குதிகால் எலும்பும் சேரும் மூட்டு. மருத்துவர்கள் இதைச் சப்டேலார் மூட்டு என்பர். பாதத்தை மேலும் கீழும் அசைப்பது கணுக்கால் மூட்டு. உள்ளங்காலை உட்புறமும் வெளிப்புறமும் சாய்ப்பது முக்கியமாக இந்த மூட்டு. சரிவிலும் கல் நிறைந்த பாதையிலும் பாதம் தரைக்கேற்பப் பதிய இதுவே உதவுகிறது.

அமைப்பு

இரு எலும்புகளும் பின், நடு, முன் என மூன்று முகங்களில் சந்திக்கின்றன. பின்முகமே மிகப் பெரியது. அது குதிகால் எலும்பில் குவிந்தும் டாலஸில் குழிந்தும் இருக்கும். நடுமுகம், குதிகால் எலும்பின் உட்புறம் திண்ணைபோல் நீளும் பகுதியின் மேல் அமைந்தது. கணுக்காலின் உட்புற மொழிக்குச் சற்றுக் கீழே அழுத்தினால் அந்தத் திண்ணை விரலில் தட்டுப்படும். முன்முகம் பலருக்கு நடுமுகத்தோடு இணைந்தே இருக்கும். பின்முகத்துக்கு முன்னால் குறுக்கே ஓடும் சுரங்கத்தில் இரு எலும்புகளையும் பிணைக்கும் வலுவான நார்கள் உள்ளன. டாலஸில் எந்தத் தசையும் ஒட்டுவதில்லை; அதைக் கடந்து செல்லும் தசைகளே மூட்டை இயக்குகின்றன.

எக்ஸ்ரே படங்கள்

முகங்கள் வளைந்தும் வெவ்வேறு கோணங்களில் சாய்ந்தும் இருப்பதால், ஒரே படத்தில் மூட்டு முழுவதும் தெரியாது.

பக்கவாட்டுப் படம்: பின்முகத்தின் இடைவெளி வளைகோடாகத் தெரியும். குதிகால் எலும்பின் மேல்விளிம்பில் அளக்கப்படும் போலர் கோணம் இயல்பாக 20 முதல் 40 பாகை. உயரத்திலிருந்து விழுந்து குதிகால் நொறுங்கினால் இது குறையும். ஆனால், கோணம் சரியாக இருப்பதால் மட்டும் முறிவில்லை என்று முடிவு செய்யக் கூடாது.

ஹாரிஸ் படம்: கதிரை ஏறத்தாழ 45 பாகை சாய்த்துக் குதிகாலை நெடுக்குவாட்டில் எடுப்பது. நடுமுகமும் பின்முகமும் தெரியும். பிறவியிலேயே இரு எலும்புகளும் நடுமுகத்தில் ஒட்டியிருப்பதை இது காட்டும். பக்கவாட்டுப் படத்தில் ஆங்கில ‘சி’ வடிவ வளைவு அதற்கு ஒரு குறிப்பாகும்.

புரோடன் படங்கள்: பாதத்தைக் காலுக்குச் செங்குத்தாக வைத்து, காலை 30 முதல் 45 பாகை உட்புறம் திருப்புவர். பிறகு கதிர்க்குழாயைத் தலைப்பக்கமாக 10, 20, 30, 40 பாகை சாய்த்து நான்கு படங்கள் எடுப்பர். 10 பாகைப் படம் பின்முகத்தின் பின்பகுதியையும், 40 பாகைப் படம் முன்பகுதியையும் காட்டும். அறுவையின்போது முறிந்த துண்டுகள் சமமாகப் பொருந்தினவா என்று பார்க்கவும் இக்கோணங்கள் பயன்படுகின்றன.

எலும்பு எத்தனை துண்டுகளாக முறிந்துள்ளது, அவை எவ்வளவு விலகியுள்ளன என்பதை சி.டி. ஸ்கேன் தெளிவாக்கும். பின்முகம் சமனிழந்தே ஆறினால் மூட்டு தேய்ந்து, மேடுபள்ளத்தில் நடப்பதே வலியாகிவிடும். அதனால், குதிகால் அடிபட்டவருக்கு ஒரே படத்தோடு நின்றுவிடக் கூடாது.