கால்நடைப் பள்ளியின் பறக்கும் குதிரை

1874 செப்டம்பர். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஒரு சின்னப் பிரசுரம் வெளியானது. எழுதிய யாகோபுஸ் வான்ட் ஹாஃபுக்கு வயது 22. முனைவர் பட்டம்கூட இன்னும் கைக்கு வரவில்லை. கார்பனின் நான்கு பிணைப்புகளும் தாளில் வரைவதுபோல் தட்டையாகக் கிடப்பதில்லை, ஒரு நான்முகியின் நான்கு மூலைகளை நோக்கி நீள்கின்றன என்றார் அவர். அதே ஆண்டு நவம்பரில் பிரான்சின் ல பெல்லும் தனி வழியில் அதே முடிவுக்கு வந்தார்.

சொன்னால் நம்பமாட்டார்கள் என்று தெரிந்தோ என்னவோ, வான்ட் ஹாஃப் அட்டையை வெட்டி மடித்து, வண்ணம் தீட்டி, குட்டி நான்முகிகள் செய்து பிற வேதியியலாளர்களுக்கு அனுப்பினார். லைப்சிக்கின் ஹெர்மன் கோல்பே மசியவில்லை. அசெட்டிக் அமிலத்தைத் தனிமங்களிலிருந்தே உருவாக்கிக் காட்டிய பெரிய மனிதர். நாக்கில் மட்டும் விஷம். அப்போது வான்ட் ஹாஃபுக்கு உட்ரெக்ட் கால்நடை மருத்துவப் பள்ளியில் வேலை. ஆய்வு செய்யப் பிடிக்காத இந்த ஆள், பள்ளியில் இரவல் வாங்கிய பறக்கும் குதிரையில் ஏறி, அணுக்கள் நிற்கும் இடத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று 1877-இல் அச்சிலேயே கிண்டலடித்தார் கோல்பே. 1901-இல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு வான்ட் ஹாஃபுக்கே போனது. அதைப் பார்க்க கோல்பே உயிரோடு இல்லை. வேடிக்கை என்னவென்றால், பரிசு நான்முகிக்காக அல்ல. கரைசல்கள் பற்றிய ஆய்வுக்காக.

அந்த நான்முகி சீராக இருந்தால், மையத்தில் இரு பிணைப்புகளுக்கு இடையிலான கோணம் 109.5 டிகிரி. மீத்தேன் அப்படியே பொருந்துகிறது. அம்மோனியாவில் அது 107, தண்ணீரில் 104.5. ஏன் குறைகிறது? 1940-இல் ஆக்ஸ்போர்டின் சிட்ஜ்விக், பவல் இருவரும் எலக்ட்ரான் இரட்டைகளை எண்ணினாலே மூலக்கூறின் வடிவம் பிடிபடும் என்றார்கள். 1957-இல் லண்டனில் கில்லெஸ்பியும் ஆஸ்திரேலியரான நைஹோமும் அதைக் கூர்மையாக்கினார்கள். பிணைப்பில் சேராத தனித்த இரட்டையை ஒரே ஓர் அணுக்கரு மட்டும் பிடித்திருக்கிறது. அதனால் அது அகலப் பரந்து, பக்கத்துப் பிணைப்புகளை நெருக்கித் தள்ளுகிறது. அம்மோனியாவில் அப்படி ஒன்று, தண்ணீரில் இரண்டு.

வடிவத்தோடு கதை முடியவில்லை. யார் யார் இருக்கிறார்கள் என்பதும் முக்கியம். அம்மோனியாவின் ஹைட்ரஜன்களை எடுத்துவிட்டு ஃபுளோரினை வையுங்கள்: கோணம் ஏறத்தாழ 102-க்கு இறங்கிவிடும். ஃபுளோரின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால், மைய அணுவான நைட்ரஜன் அருகே பிணைப்பு இரட்டைகளுக்குள் தள்ளுமுள்ளு குறைகிறது. மைய அணுவை மாற்றினால் சரிவு இன்னும் அதிகம். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்த இடத்தில் அதைவிடப் பெரிய கந்தகம் வந்தால், அழுகிய முட்டை வாடையடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு. கோணம் சுமார் 92.

இந்த 92-ஐ கில்லெஸ்பி–நைஹோம் விதியால் கணக்கிட்டுச் சொல்ல முடியாது. கோணம் கூடுமா குறையுமா என்பதோடு அதன் வேலை முடிந்தது. எத்தனை டிகிரி என்பதை நிறமாலையில் அளந்து தெரிந்துகொள்ளலாம்.

(தொடரும்)